மாரா முடிவு மாறாது!

இந்த ஆகஸ்டில் மாசாய் மாராவுக்குப் போகிறோம். எங்கே தங்குவது, எந்த வண்டியில் போவது, யார் யார் போவது, எல்லாவற்றையும் நானே முடிவு செய்வேன். மாரா முடிவு, மாறா முடிவு!

இதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். கண்ணாடி உடனே ஒப்புக்கொண்டது. பாக்கி இருந்தது மனைவி மட்டும்தான்.

என் பெயர் முலோங்கோ. கென்யாவில் கிட்டாலே ஊரில் பூகோள வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு மாராவைப் பாடம் நடத்துகிறேன். அங்கே எத்தனை அங்குலம் மழை பெய்யும், எந்த மாதம் எந்த மிருகம் எந்தப் பக்கம் நடக்கும், சிங்கம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்கும், எது வேண்டுமானாலும் கேளுங்கள். நீங்கள் சிங்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். போன வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே மணி அடிக்கச் சொல்லிவிட்டேன்.

இது வெளியில் சொல்கிற காரணம். உள்ளே இன்னொன்று இருக்கிறது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நாலு பிள்ளைகள். இத்தனை வருஷத்தில் நானும் என் மனைவி நமால்வாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு கோப்பை டீயை முழுசாகக் குடித்ததில்லை. பாதியில் யாராவது அழுவார்கள், அல்லது யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். இரண்டே நாள், அவளும் நானும், நடுவில் ஒருவரும் இல்லாமல். என் ஆசை அவ்வளவுதான். இதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

நமால்வா சந்தையில் பழைய துணி வியாபாரம் செய்கிறாள். மூட்டையைப் பிரிக்காமல் வெளியே ஒரு தட்டுத் தட்டியே, உள்ளே எத்தனை கோட்டு, எத்தனை கிழிசல் என்று சொல்லிவிடுவாள். என்னையும் அப்படித்தான் தட்டுவாள்.

"தனியார் காப்பகத்துக்குப் போறோம்" என்றேன்.

"அப்படின்னா?"

"மாசாய்க்காரங்க அவங்கவங்க நிலத்தை ஒண்ணாச் சேத்து வாடகைக்கு விட்டிருக்காங்க. அங்க தங்கறவங்க மட்டும்தான் உள்ள சுத்தலாம். பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள்ளயே வண்டி போகும். ஒரு சிங்கத்தைச் சுத்தி அஞ்சு வண்டிக்கு மேல விட மாட்டாங்க."

"பொதுக் காப்பகத்துல?"

"ஒரு சிங்கத்துக்கு ஐம்பது வண்டி."

"அப்ப அங்கதான் சிங்கம் நல்லா இருக்கு. எங்க சந்தையிலயும் கூட்டம் நிக்கிற கடையிலதான் சரக்கு நல்லா இருக்கும்."

"இது சரக்கு இல்லம்மா, சிங்கம்!"

"ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"...பொதுக் காப்பகத்துல."

"வில்டபீஸ்ட் மான் கூட்டம் ஆத்துல குதிக்கும், முதலை காலைப் பிடிக்கும்னு வருஷா வருஷம் போர்டுல படம் போடுவீங்களே. அது எங்க?"

"அதுவும் அங்கதான்."

"உங்க இடத்துல என்னதான் இருக்கு?"

"அமைதி."

"காசு குடுத்து அமைதி வாங்கணுமா? நான் நாலு நாள் பேசாம இருக்கேன், அந்தக் காசை எங்கிட்ட குடுங்க."

இதற்குள் அவள் ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தாள். சந்தைப் பெண்கள் சங்கம் மினிபஸ் பிடித்துப் பொதுக் காப்பகத்துக்குப் போகிறதாம். தலைவி ரிஸ்பா. பதினாலு சீட்டு, பன்னிரண்டு பெண்கள், மிச்சம் இரண்டு நமக்கு.

"முன்கூட்டியே ரிசர்வ் எல்லாம் பண்ண வேணாம், நேராப் போயிடலாம்" என்றாள்.

இந்த வேடிக்கையைக் கவனியுங்கள். ரிசர்வ் பண்ணாமலே நுழையலாம் என்கிற பொதுக் காப்பகத்துக்கு இங்கிலீஷில் பெயர் ரிசர்வ். ரிசர்வ் பண்ணினால்தான் விடுவேன் என்கிற இடத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. இதை நமால்வாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"தனியார் தனியார்ங்கறீங்களே" என்றாள். "தனி யாரு?"

"நீயும் நானும்" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

நேர்வழி அடைபட்டுப் போனதால் குறுக்குவழி யோசித்தேன். அப்போதுதான் மாமியார் நினைவுக்கு வந்தார்.

எங்கள் ஜனத்தில் மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. ஒரே கூரையின் கீழ் உட்காரக் கூடாது, ஒரே சட்டியில் சாப்பிடக் கூடாது, ஒரே வண்டியில் ஏறக் கூடாது. மாமியார் எதிரே வந்தால் மருமகன் சாலையை விட்டு இறங்கி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் மரியாதை. இதை முடித்து வைக்கவும் வழி உண்டு. மருமகன் பேரைச் சொல்லி மாமியார் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்த வேண்டும். கோழி அடித்து எல்லாரும் சாப்பிட்டால் தடை நீங்கிவிடும். அதன்பிறகு மாமியார் எப்போது வேண்டுமானாலும் மருமகன் வீட்டுக்கு வந்து, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கி, எதைப்பற்றி வேண்டுமானாலும் அறிவுரை சொல்லலாம்.

பத்தொன்பது வருஷமாக நான் கம்பளி கொடுக்கவில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். நிம்மதி!

கொடுக்க என்னிடம் கம்பளி இல்லாமலும் இல்லை. ஆறு வருஷம் முன்பு மாவட்டத்தின் சிறந்த ஆசிரியர் என்று ஒரு பச்சைக் கம்பளி பரிசளித்தார்கள். என்ன கனம், என்ன கதகதப்பு! இரண்டு வாரம்தான் போர்த்தினேன். துவைத்துக் காயப்போட்டபோது காற்றில் பறந்துவிட்டது என்றாள் நமால்வா. நான் பூகோள வாத்தியார் அல்லவா? காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வேகத்தில் அடித்தது என்று கணக்குப் போட்டு, தென்மேற்கே உள்ள சோளக்காட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேடினேன். ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.

நமால்வாவின் தம்பி முக்வானாவுக்கு ரகசியமாகப் போன் போட்டேன்.

"மச்சான், உங்கம்மா சிங்கம் பாத்ததில்லையே. பாவம். நம்ம ரிஸ்பா பஸ்ல அனுப்பி வையேன்."

"அத்தான், நீங்கதானே பேசறது?" என்றான்.

என் கணக்கு இது. மாமியார் அந்தப் பஸ்ஸில் ஏறினால் நான் ஏற முடியாது. நான் ஏற முடியாவிட்டால் என்னைத் தனியே விட நமால்வாவுக்கு மனசு வராது. மாமியார் பஸ்ஸில் பொதுக் காப்பகத்துக்கு, நாங்கள் இருவரும் தனியார் காப்பகத்துக்கு. யார் மனசும் நோகாது. அன்றே இரண்டு பேருக்குப் பணம் கட்டி, ரசீதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். என் சட்டையைத் துவைப்பது யார் என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துபோனேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சோளமாவுக் களியான உகாலியைப் பிட்டுக் கீரையில் தோய்த்தபடி பேச்சை எடுத்தேன்.

"உங்கம்மா வர்றாங்களாமே. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா பாரு, நான் அந்தப் பஸ்ல ஏற முடியாது. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஆமா."

"அதனால நீயும் நானும் தனியார் காப்பகத்துக்கே போயிடலாம்னு..."

"சரி."

பத்தொன்பது வருஷத்தில் அவள் முதல் தடவையே சரி சொன்னது கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ இன்னொரு உருண்டை உகாலி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை. நமால்வா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரே பெட்டி. அதில் என் சட்டை ஒன்றுகூட இல்லை.

"என் துணி எங்க?"

"உங்களுக்குத் தனிப் பை. பஸ்ல பெட்டி வைக்க இடம் இருக்காதே."

"எந்த பஸ்?"

"ரிஸ்பா பஸ்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்து மணி நேரம் காலை மடக்கிக்கிட்டு மினிபஸ்ல வர முடியுமா? முக்வானா எங்க ரெண்டு பேரையும் கார்ல நாரோக் வரைக்கும் கொண்டு விடறான். அங்கிருந்து தனியார் காப்பகத்து முகாம்காரங்க வண்டி வரும். ரசீதுல ரெண்டு பேருன்னுதானே போட்டிருக்கு? எங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிட்டேன். படுக்கைக்குள்ள வெந்நீர்ப் பை எல்லாம் வைப்பாங்களாம்!"

"அப்ப நான்?"

"நீங்க எங்ககூட வர முடியாதே." அவள் முகத்தில் அவ்வளவு வருத்தம். "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நமால்வா, அந்த இடத்தை நான்..."

"கூட்டமில்லாத இடம்தான் ஒசத்தின்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. எங்கம்மாவுக்கு ஒசத்தியானதைக் காட்ட வேணாமா? அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். முக்வானா போன் பண்ணிச் சொன்னப்ப அழுகையே வந்துடுச்சு." உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஜன்னலோர சீட்டு சொல்லியிருக்கேன்."

வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் தனியாகப் போயே சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கூடைகள், ஆறு சட்டிகள், ஒரு வாத்தியார். ஜன்னலோரம் கிடைத்தது உண்மைதான். ஆனால் மடியில் கோழிச் சட்டி. அதை வைக்க வேறு இடமே இல்லை என்றாள் ரிஸ்பா.

"பொண்டாட்டி அங்க சிங்கத்தோட, புருஷன் இங்க சட்டியோட" என்று அவள் எடுத்துக்கொடுக்க, பஸ்ஸே அதைப் பாட்டாக்கிவிட்டது. எல்டோரெட்டில் ஆரம்பித்த பாட்டு நகுரு வரையில் நிற்கவில்லை. நகுருவில் நானும் கூடப் பாடிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கோழியும் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் பொதுக் காப்பகம். ஓர் இடத்தில் முப்பத்தேழு வண்டிகளின் பின்பக்கங்களைப் பார்த்தோம். அவற்றுக்கு நடுவே சிங்கம் இருப்பதாகச் சொன்னார்கள். நான் வாங்கி வந்திருந்த புது பைனாகுலரில் பார்த்தபோது ஒரு வண்டியின் நம்பர் பலகை மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"இங்க வேணாம், வேற பக்கம் போகலாம்" என்று டிரைவர் எங்களை எல்லை ஓரமாக ஓட்டிப் போனார். எல்லை என்றால் வேலி எல்லாம் இல்லை, ஒரு சின்ன ஓடைதான். இந்தக் கரை பொது, அந்தக் கரை தனியார். இந்தக் கரையில் பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. அந்தக் கரையில் புல்லுக்கு நடுவே கூரை திறந்த ஒரு வண்டி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

"சிங்கம்!" என்று கத்தினாள் ரிஸ்பா. "அந்த வண்டிக்குப் பக்கத்துலயே! ஆண் சிங்கம்!"

சட்டியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷம்! பைனாகுலரைத் தூக்கினேன்.

"அட, வண்டியில நம்ம நமால்வா!" என்றாள் ரிஸ்பா. "பக்கத்துல அவங்கம்மா!"

பைனாகுலரில் பச்சையாக ஏதோ ஒன்று தெரிந்தது. ஏதோ புதர். அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்த நொடி பஸ் தரையில் குப்புறக் கிடந்தேன், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு.

"வாத்தியாரே, எழுந்திருங்க! சிங்கம் போயிடப் போவுது!"

"மாமியார் போயிட்டாங்களா?"

"எங்க போவாங்க? சிங்கம் வண்டி நிழல்லயே படுத்திருக்கு. வண்டி அசைய முடியாது."

"சிங்கம் எந்தப் பக்கம், மாமியார் எந்தப் பக்கம்?"

"மாமியார் சீட்டு, அதுக்கு நேர் கீழ சிங்கம்."

"நேர் கீழயா? ஒரு ஓரமா எழுந்து அடிப்பக்கம் மட்டும் பாத்தா?"

"பாருங்க. ஆனா மாமியார் எட்டி எட்டிக் கீழதான் குனியறாங்க. முகம் தெரிஞ்சா நாங்க பொறுப்பில்ல."

மறுபடி படுத்துக்கொண்டேன். "சரி, எப்படி இருக்குன்னாச்சும் சொல்லுங்க."

"ஆஹா, என்ன பெரிய பிடரி!" "கொட்டாவி விடுது!" "இப்ப குப்புறப் படுத்துக்கிச்சு!" "நம்ம வாத்தியார் மாதிரியேதான் கிடக்கு!"

பன்னிரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பஸ்ஸே குலுங்கியது. இருபது நிமிஷம் அந்தச் சிங்கம் அங்கேயே கிடந்தது, நானும் அப்படியே கிடந்தேன். அது எழுந்து போன பிறகுதான் அந்த வண்டியும் போயிற்று. எழுந்து உட்கார்ந்தபோது என் எதிரே இருந்தது புல் மட்டும்தான். அழுகை வந்தது என்றால் மிகை இல்லை. ரிஸ்பா என் மடியில் மறுபடி சட்டியை வைத்து, பெரிய தொடைக்கறியாகப் பார்த்து ஒன்று எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மதியம் நமால்வா போன் செய்தாள்.

"அம்மாவுக்கு இங்க போரடிக்குதாம். ஒரே அமைதியா இருக்காம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையாம். பஸ்ல ஏறி ஆத்தைப் பாக்கணுங்கறாங்க. நீங்க இங்க வந்துடறீங்களா?"

"முழங்கால் வலி?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் உங்க பஸ்ல சிரிக்கிற சத்தம் கேட்டதும் சரியாயிடுச்சாம்."

இடம் மாற்றுவது காப்பகத்து வாசலில் நடந்தது. முகாம் வண்டி வருகிறது என்றதும் பஸ்ஸிலிருந்து குதித்து, ஒரு முள்செடிக்குப் பின்னால் போய், செடியைப் பார்த்தபடி நின்றேன். முகாமின் மாசாய் டிரைவர் பர்சலோய், "ஐயா, அங்க நிக்காதீங்க, காட்டெருமை வர்ற இடம்" என்று கத்தினார். காட்டெருமை வந்தால் வரட்டும் என்று நின்றேன். முதுகுக்குப் பின்னால் மாமியார் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றார். இருமினார். அது இருமல் மாதிரியும் இருந்தது, வேறு ஏதோ மாதிரியும் இருந்தது. பிறகு பஸ் கதவு மூடியது, பாட்டு ஆரம்பித்தது.

அன்று மாலை. திறந்த வண்டியில் நமால்வாவும் நானும். பர்சலோய் எங்களை ஒரு மேட்டில் நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பொன் நிறப் புல். சிங்கம் இல்லை. ஒரு கழுதைப்புலியின் முதுகு மட்டும் தூரத்தில் போய் மறைந்தது. போகட்டும். யாரும் அழவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை, தட்டக் கதவே இல்லை. நான் என் டீயை முழுசாகக் குடித்தேன். அவளும் குடித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

"இதுக்குத்தானே அத்தனை பாடு?" என்றாள்.

"தெரியுமா உனக்கு?"

"காய்ச்சல் இல்லன்னு பாத்தப்பவே தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமை பேசலாம் என்று தோன்றியது.

"உங்கம்மாவும் மெச்சிப்பாங்க இல்ல? இருபத்திரண்டு வருஷமா ஏங்கின சிங்கம். அதைக்கூடப் பாக்காம மரியாதை காப்பாத்தினேன். பைனாகுலர்ல ஒரு பச்சைப் புதர் தெரிஞ்சுது, அதுக்கு மேல ஒண்ணையும் பாக்கல."

நமால்வாவுக்கு டீ புரையேறியது. கோப்பையைக் கீழே வைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அது புதர் இல்ல."

"பின்ன?"

"கம்பளி."

"யார் கம்பளி?"

"உங்களுதுதான். சிறந்த ஆசிரியர் கம்பளி. குளிருக்கு அம்மா போத்திக்கிட்டிருந்தாங்க."

"அது காத்துல பறந்துடுச்சுன்னியே?"

"உங்க பேரைச் சொல்லி நான்தான் அம்மா தோள்ல போத்தினேன். முக்வானா சாட்சி. கோழி அடிச்சு எல்லாரும் சாப்பிட்டோம். மரியாதை முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு."

"நான் இல்லாமலா?"

"நீங்க அன்னிக்கு சோளக்காட்டுல கம்பளி தேடிக்கிட்டிருந்தீங்க."

"பாவி! அப்ப நான் பஸ் தரையில கிடந்தது, முள்செடிக்குப் பின்னால நின்னது... ஆறு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மாதான் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க. 'மாப்பிள்ளைக்குத் தெரியவே வேணாம்டி, எனக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்ல'ன்னாங்க."